பிடித்த கை உடனே விடவில்லை: மயோட்டோனியாவுக்குக் குளிசையா, குளிசை இல்லாமலா?

வாளியின் பிடியை இறுகப் பிடித்தவர் அதைக் கீழே வைத்துவிட்டுக் கையை எடுக்கப் பார்க்கிறார், விரல்கள் விடுவதில்லை. சில விநாடிகள் போன பிறகுதான் ஒவ்வொன்றாக விரிகின்றன. கல்முனையில் பஸ் ஏறி மட்டக்களப்பு வரை உட்கார்ந்தே வந்தவர் இறங்கவேண்டிய இடத்தில் எழுந்தால் கால் இரண்டும் மரக்கட்டை. பின்னால் நிற்பவர்கள் தள்ளுகிறார்கள், நடத்துனர் அவசரப்படுத்துகிறார். பெரிய வலி இல்லை. சுருங்கிய தசை தளரத் தாமதிக்கிறது, அவ்வளவுதான். இதைத்தான் மயோட்டோனியா என்கிறார்கள்.

பெயர் தெரியவரும் வரை பலருக்கு வருடங்கள் போய்விடுகின்றன. நரம்புத் தளர்ச்சி என்பார்கள், வாதம் என்பார்கள், பரியாரியார் எண்ணெய் போட்டு உருவிவிடுவார். பள்ளிக்கூடத்தில் சோம்பேறி என்ற பட்டம் வேறு. பெயர் தெரிந்த பிறகு அடுத்த குழப்பம் தொடங்குகிறது. “விருப்பமென்றால் குளிசை தொடங்கலாம், இல்லாமலும் சமாளிக்கலாம்” என்று கிளினிக்கில் சொல்லி அனுப்புகிறார்கள். எதை விரும்புவது? அப்படித் திகைத்து நின்று கேட்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

என் முடிவை மறைத்து வைக்கப் போவதில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருப்பவர், எந்தக் குளிசை தசையை அதிகம் தளர்த்துகிறது என்பதைவிட, எது வருடக்கணக்காகத் தடையின்றிக் கையில் கிடைக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அதற்கும் முந்திப் பார்க்கவேண்டியது இதயம். மருந்தைத் தொடங்குவதும் அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் வைத்தியரின் கையில் இருக்கட்டும். அவரிடம் என்ன கேட்பது என்பதைத்தான் இங்கே பேசுகிறோம்.

## முதலில், எந்த மயோட்டோனியா?

இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்தால் மீதி ஒப்பீடு முழுவதும் வீண்.

தசை சுருங்கிய பின் அமைதி நிலைக்குத் திரும்ப, அதன் சவ்வில் உள்ள குளோரைட் வாயில்கள் வேலை செய்யவேண்டும். ஓய்வில் இருக்கும் தசைச் சவ்வின் மின்கடத்தலில் பெரும்பங்கு, ஏறக்குறைய 80 வீதம், இந்த வாயில்களுடையது. அவற்றைக் கட்டும் சிஎல்சிஎன்1 என்ற மரபணு பழுதானால், நரம்பு கட்டளையை நிறுத்திய பின்னும் தசை தானாகவே மின்துடிப்புகளை எழுப்பிக்கொண்டிருக்கும். பிறவி மயோட்டோனியாவின் அடிப்படை இதுதான். 1876-இல் இதை விவரித்து எழுதிய யூலியஸ் தொம்சன் என்ற வைத்தியருக்கே இந்த நோய் இருந்தது. அவருடைய குடும்பத்திலும் பலருக்கு இருந்தது. அவர் பெயரால் அழைக்கப்படும் வகை பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பெக்கர் வகை வேறு: தாய், தந்தை இருவரும் பழுதான பிரதியைக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். இந்த இரண்டாவது வகையில் விறைப்பு பொதுவாகக் கூடுதல். அசையத் தொடங்கியதும் சற்று நேரம் பலவீனமும் வந்துபோகும்.

இங்கே நம் ஊர்ச் சங்கதி ஒன்று. குடி என்ற வம்சப் பிரிவு நமக்குத் தாய்வழி. ஒரே குடிக்குள் கட்டுவதில்லை. ஆனால் மாமன் மகளும் மாமி மகனும் வேறு குடி, ஆகவே கட்டும் உறவு. குடி வேறென்றால் இரத்தமும் வேறு என்று நம்புகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பெக்கர் வகையின் மரபணு குடி பார்த்து இறங்குவதில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே பாட்டனிடமிருந்து வாங்கிய பழுது, அவர்களுடைய பிள்ளைகள் மச்சானும் மச்சாளுமாகக் கட்டும்போது பேரப்பிள்ளையிடம் இரட்டையாக வந்து சேரலாம். பெற்றோர் இருவருக்கும் ஒரு குறையும் இருக்காது. “எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே” என்ற வாதம் இந்த நோயிடம் எடுபடாது.

பிறவி மயோட்டோனியாக்காரரிடம் ஒரு நல்ல அடையாளம் உண்டு. கையை இறுக மூடி விரிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை சிரமப்படும். ஐந்தாறு தடவை செய்தபின் சாதாரணமாக விரியும். பாராமயோட்டோனியா என்ற இன்னொரு வகையில் இது தலைகீழ்: செய்யச் செய்ய இறுகும், குளிரில் இன்னும் மோசமாகும். அங்கே பழுது சோடியம் வாயிலில். மட்டக்களப்பில் என்ன குளிர் என்று கேட்காதீர்கள். வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஐஸ் அள்ளுகிறவரின் விரல்களையும், மார்கழி விடியலில் கிணற்று நீரை முகத்தில் அடித்தபின் திறக்க மறுக்கும் இமைகளையும் பார்த்தால் தெரியும்.

மூன்றாவதுதான் கவலைக்குரியது: மயோட்டோனிக் டிஸ்ட்ரோஃபி. இதில் தசை தளரத் தாமதிப்பது சின்னத் தொல்லை. தசை மெலிதல், இதயத்தின் மின்பாதை தடைப்படுதல், இளவயதிலேயே கண்புரை, பகல் தூக்கம், சர்க்கரை என்று உடம்பு முழுக்கப் பரவும் நோய் இது. முதலாம் வகையில், 19-ஆவது நிறப்புரியில் உள்ள மரபணுவில் சிடிஜி என்ற மூன்றெழுத்து 50 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது. தலைமுறைக்குத் தலைமுறை அந்த எண்ணிக்கை கூடக்கூடும். பாட்டனாருக்கு வெறும் கண்புரை. மகளுக்குக் கைப்பிடி பலவீனமும் தொங்கும் இமையும். அவளுக்குப் பிறந்த குழந்தை பால் குடிக்கக்கூடச் சக்தியில்லாமல் துவண்டு கிடக்கும். மூன்று நோய் என்று எண்ணி மூன்று கிளினிக்குகளில் அலைகிறார்கள். ஒன்றுதான்.

ஆகவே ஈசிஜி, கண் பரிசோதனை, தசை மின்பதிவு ஆகியவை முடியாமல் குளிசைப் பேச்சை எடுக்கவே வேண்டாம். முதல் இரண்டுக்கும் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. மூன்றாவதை எங்கே செய்விப்பது என்று நரம்பியல் கிளினிக்கில் சொல்வார்கள். மரபணுப் பரிசோதனை வேண்டியிருந்தால் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவைப் பற்றி உங்கள் நிபுணரிடமே கேளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, இதயம். அடுத்தது, விறைப்பு உங்கள் பிழைப்பில் கை வைக்கிறதா என்பது. வீட்டுக்குள் எரிச்சலூட்டும் விறைப்பும் வருமானத்தை வெட்டும் விறைப்பும் ஒன்றல்ல. மூன்றாவது, தொடர்ச்சியான விநியோகம். 2022-இல் மருந்துத் தட்டுப்பாட்டின்போது வெற்றுக் கையுடன் பாமசிப் படி இறங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான்காவது, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பது. நோன்பு நோற்பவருக்கும் இரவில் கடலுக்குப் போகிறவருக்கும் இது சின்ன விடயம் அல்ல. கடைசியாக, ஏற்கெனவே எடுக்கும் மற்ற மருந்துகள், கர்ப்பம், குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை.

விலையை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. ஒரு பெட்டியின் விலையைவிட, அது தீர்ந்துபோகும் மாதத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் உண்மையான செலவு.

## குளிசை இல்லாமல்

பிறவி மயோட்டோனியாக்காரரில் கணிசமானோர் இப்படித்தான் வாழ்கிறார்கள்; நன்றாகவே வாழ்கிறார்கள். அசைய அசையத் தளர்வதுதான் அவர்களுடைய மருந்து. பஸ் நிற்பதற்கு ஒரு தரிப்பிடம் முன்னாலேயே இருக்கையில் இருந்தபடி கணுக்காலை மடக்கி நீட்டத் தொடங்குவது, படி ஏறுமுன் நின்ற இடத்தில் நாலு அடி வைப்பது, மாரி காலத்தில் வெந்நீரில் கை நனைத்துவிட்டு வேலைக்கு அமர்வது எல்லாம் பலன் தரும். எண்ணெய் உருவுதலின் சூடு இதமாக இருக்கலாம். ஆனால் தசையைத் தட்டினாலோ குத்தினாலோ அது மேலும் சுருங்கி நிற்கும், ஆகவே பலமாக அடித்து உருவ விடாதீர்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு விழுகைகள். திடுக்கிடும்போது உடம்பு முழுக்க ஒரே கணத்தில் இறுகி, கையை ஊன்றக்கூட முடியாமல் விழுகிறவர்கள் உண்டு. வீதியைக் கடக்கையில் வாகனம் ஹோர்ன் அடித்தால் அங்கேயே நின்றுவிடும் காலை வெந்நீர் காப்பாற்றாது. பிள்ளைகளிடம் இன்னொரு செலவு. பயில்வான் உடம்போடு இருக்கும் பையன் ஓட்டப்போட்டியில் விசில் ஊதியதும் அசையாமல் நிற்கிறான். ஐம்பது அடி தாண்டியபின் மற்றவர்களோடு சரிக்குச் சரியாக ஓடுகிறான். ஆசிரியருக்கு அது திமிராகத் தெரிகிறது. வைத்தியரிடமிருந்து பாடசாலைக்கு ஒரு கடிதம் வாங்கிக் கொடுப்பது பல குளிசைகளுக்குச் சமம்.

பாராமயோட்டோனியாவில் “அசைந்தால் சரியாகும்” என்ற புத்திமதி எதிர்விளைவு தரும் என்பதையும் மறக்கவேண்டாம். அங்கே குளிரைத் தவிர்ப்பதுதான் முதல் மருந்து. சோடியம் வாயில் பழுதில் இன்னொரு சிறுபிரிவினருக்குப் பொட்டாசியம் கூடினால் விறைப்புக் கூடும். அவர்கள் செவ்விளநீரையும் வாழைப்பழத்தையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு இளநீரைக் கைவிட்டுவிடாதீர்கள்.

## மெக்சிலெட்டின்

ஆதாரத்தில் முன்னணியில் நிற்பது இதுதான். இதயத் துடிப்பைச் சீராக்க வந்த பழைய மருந்து. சோடியம் வாயில்களை அடக்கி, தசையின் வீண் துடிப்புகளைத் தணிக்கிறது. 2012-இல் வெளியான ஆய்வில் 59 பேருக்கு 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெற்றுக் குளிசையோடு ஒப்பிட்டால் விறைப்பு தெளிவாகக் குறைந்தது. 2018-இல் ஐரோப்பாவில் டிஸ்ட்ரோஃபி அல்லாத மயோட்டோனியா உள்ள வளர்ந்தவர்களுக்கு முறையாக அங்கீகாரமும் கிடைத்தது. அங்கீகாரத்தோடு அங்கே விலையும் எகிறியது. பல தசாப்தங்களாக மலிவாக விற்கப்பட்ட மருந்து, புதுப் பெயர்ப்பட்டி ஒட்டியதும் எட்டாக் கனியானது எனக்கு இன்னமும் பொறுக்கவில்லை.

பக்கவிளைவில் முதலிடம் நெஞ்செரிவுக்கு. வெறும் வயிற்றில் எடுத்தால் நிச்சயம் வருந்துவீர்கள், சோற்றோடு எடுக்கவேண்டும். இதயத்தில் மின்தடை, மாரடைப்பு வரலாறு, இதயப் பலவீனம் உள்ளவர்களுக்கு ஆபத்து. தொடங்குமுன் ஈசிஜி, பிறகும் அவ்வப்போது ஈசிஜி.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் எடுக்கிறவர் நம் பக்கத்தில் எத்தனை பேர்! மெக்சிலெட்டின் அந்தத் தியோபிலினை உடம்பில் தேங்கவைக்கும். வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகலாம். தேநீரில் உள்ள கஃபீனும் அதே வழியில் தேங்கும். நாளுக்கு ஆறு பிளேன்டீ குடிக்கும் ஒருவர், குளிசை தொடங்கியபின் இரவில் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் குற்றவாளி தேநீராகவும் இருக்கலாம்.

மூன்று வேளை என்பது காத்தான்குடியிலும் மருதமுனையிலும் ரமழான் மாதத்தில் நேரடிப் பிரச்சினை. பகல் வேளையை விட்டுவிட்டு இரவில் இரண்டை ஒன்றாகப் போடுவது வேண்டவே வேண்டாம். விநியோகம் இன்னொரு தலைவலி: சாதாரண பாமசிகள் அடுக்கி வைத்திருக்கும் மருந்து அல்ல இது. வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் பெட்டியில் வரும் இரண்டு மாதக் குளிசையை நம்பி ஆரம்பித்தால் மூன்றாம் மாதம் பழைய விறைப்பு திரும்பிவிடும். பழகிய உடம்புக்கு அது முன்னைவிட மோசமாகத் தெரியும்.

## லமோட்ரிஜின்

வலிப்பு நோய்க்கான மருந்து. 2017-இல் டென்மார்க்கில் 26 பேரிடம் செய்த ஆய்வில் மயோட்டோனியாவைக் குறைத்தது. 2024-இல் பிரித்தானியாவில் 60 பேரிடம் மெக்சிலெட்டினையும் இதையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். இரண்டுமே விறைப்பைக் குறைத்தன, இடைவெளி சிறியது. நம் ஊர்க்காரருக்கு இதைவிட முக்கியமான செய்தி இத்துறையில் அண்மையில் வரவில்லை என்றே சொல்வேன். ஏனென்றால் இதை நரம்பியல், மனநலக் கிளினிக்குகள் வேறு நோய்களுக்காக ஏற்கெனவே எழுதிக்கொடுக்கின்றன. பாமசிக்காரருக்கும் பெயர் தெரியும். நாளுக்கு ஒரு வேளை அல்லது இரண்டு வேளை, நோன்போடும் ஒத்துப்போகும்.

விலை கொடுக்கவேண்டியது பொறுமையில். 25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல ஏற்றவேண்டும். ஆய்வுகளில் 300 மில்லிகிராம் வரை போனார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் தோலில் தடிப்பு வரும் அபாயம் கூடும். அரிதாக அது தோலும் வாயும் கண்ணும் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோயாக மாறி உயிருக்கே உலை வைக்கும். முதல் இரண்டு மாதங்களில் எந்தத் தடிப்பு வந்தாலும் “மீன் ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்லிக்கொண்டு காத்திருக்கக் கூடாது, அன்றே வைத்தியசாலை.

அடுத்ததை வைத்தியர்கள் சொன்னாலும் நோயாளிகள் காதில் வாங்குவதில்லை. ஐந்து நாட்களுக்கு மேல் குளிசை விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. மறுபடி அடியிலிருந்து ஏறவேண்டும். கையிருப்பு தீர்ந்து ஒரு வாரம் போனால் பல வாரத்து முயற்சி போயிற்று. ஆகவே எப்போதும் இரண்டு வாரத்துக்கான குளிசை கூடுதலாக வீட்டில் இருக்கவேண்டும்.

வல்புரோயேட் என்ற வலிப்பு மருந்தை எடுப்பவருக்கு இதன் அளவைப் பாதியாகக் குறைக்கவேண்டிவரும். ஈஸ்ட்ரஜன் கலந்த குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை இதன் வீரியத்தைக் கரைத்துவிடும். இதயத்தின் மின்பாதையில் ஏற்கெனவே கோளாறு உள்ளவருக்கு இதுவும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. இங்கேயும் ஈசிஜி முதலில்.

## கார்பமசெபின், பெனிட்டோயின், அசட்டசோலமைட்

மூன்றையும் ஒரே தலைப்பில் போட்டதிலிருந்தே என் எண்ணம் தெரியும். கார்பமசெபின் மலிவு, எங்கும் கிடைப்பது, சிலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஆதாரம் சின்னச் சின்னத் தொகுப்புகள்தான். இரத்தத்தில் உப்பு குறையலாம், தோல் தடிப்பு அபாயம் இதிலும் உண்டு, கருத்தடைக் குளிசையைச் செயலிழக்கச் செய்யும், கருவிலுள்ள பிள்ளையின் முதுகெலும்புக் குறைபாட்டுக்கும் வழிவகுக்கலாம். பெனிட்டோயின் பல் முரசை வளர்க்கும். இளம் பெண்ணுக்கு நான் கடைசியாகக்கூட நினைக்கமாட்டேன். அசட்டசோலமைட் சோடியம் வாயில் பழுதுள்ள சிலருக்குக் கைகொடுக்கிறது. விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலிருக்கும், சிறுநீரகக் கல் வரலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயலில் வேலை செய்து தண்ணீர் குடிக்க மறக்கிறவருக்கு இது ஏற்றதல்ல.

| வழி | நாளுக்கு | பலன் தெரிய | முன் பரிசோதனை | கர்ப்பம் |
|---|---|---|---|---|
| குளிசை இல்லாமல் | – | உடனே, ஆனால் சற்று நேரமே | நோய் வகை | பிரசவத்துக்கு முன் மயக்க மருந்து நிபுணருக்கு அறிவித்தல் |
| மெக்சிலெட்டின் | 3 வேளை, உணவோடு | சில நாட்கள் | ஈசிஜி, இதய நிபுணர் | அனுபவம் குறைவு |
| லமோட்ரிஜின் | 1–2 வேளை | பல வாரங்கள் | ஈசிஜி, மற்ற மருந்துப் பட்டியல் | வலிப்பு மருந்துகளில் ஒப்பீட்டளவில் நல்ல பெயர் |
| கார்பமசெபின் | 2 வேளை அல்லது கூட | சில நாட்கள்–வாரங்கள் | ஈசிஜி, இரத்த உப்பு | தவிர்ப்பது நல்லது |

## யாருக்கு எது

மருதமுனைத் தறியில் அமர்கிற நெசவாளிக்குப் பிறவி மயோட்டோனியா இருந்து, காலையில் அரை மணி நேரத்தில் கை தளர்ந்துவிடுகிறது என்றால் குளிசை வேண்டாம். முதல் அரை மணிக்கு நூல் சுற்றுவது போன்ற இலகுவான வேலையை வைத்துக்கொள்ளலாம். அதே நெசவாளி நாளெல்லாம் கை விறைத்து முழம் குறைந்து கூலி இழக்கிறார் என்றால், லமோட்ரிஜினை மூன்று நான்கு மாதம் பொறுமையோடு பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைப் பேசுவேன்.

ஐஸோடும் ஈர வலையோடும் பிழைக்கிற, இதயம் நன்றாக உள்ள, பாராமயோட்டோனியாக்காரருக்கு மெக்சிலெட்டின் முயன்று பார்க்கத் தக்கது. ஒரு நிபந்தனை: குறைந்தது ஆறு மாதத்துக்கான விநியோகம் எப்படி வரும் என்பதை எழுதுகிற நிபுணரிடமே முதலில் பேசி முடிக்கவேண்டும். தியோபிலின் எடுக்கிறவராக இருந்தால் அதை மாற்றிய பிறகே. ஐஸ் அள்ளுவதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கணக்குப் பார்க்கும் வேலைக்கு மாறுவதும் ஒரு வழிதான். யாரும் அதை மருந்தாக எண்ணுவதில்லை.

பிள்ளை பெறும் வயதுப் பெண், விறைப்பு தாங்கமுடியவில்லை, மருந்து வேண்டும் என்றால் லமோட்ரிஜின் பக்கம்தான் தராசு சாயும். கருத்தடைக்கு ஈஸ்ட்ரஜன் இல்லாத முறையைக் குடும்பநல மாதுவிடம் கேட்கலாம். பண வசதி இல்லாத, வலிப்புக் கிளினிக்கில் கார்பமசெபின் மட்டுமே ஒழுங்காகக் கிடைக்கிற ஆணுக்குக் கார்பமசெபின் கெட்ட தேர்வல்ல. ஒழுங்காகக் கிடைக்கும் இரண்டாந்தர மருந்து, மாதம் விட்டு மாதம் கிடைக்கும் முதல்தர மருந்தைவிட நல்லது.

மயோட்டோனிக் டிஸ்ட்ரோஃபி உள்ளவரின் கணக்கு வேறு. 20 பேரைக் கொண்ட 2010 ஆய்வொன்றில் மெக்சிலெட்டின் அவர்களுடைய கைப்பிடியையும் தளர்த்தியது உண்மை. ஆனால் இதய நிபுணர் பார்க்காமல் அந்தப் பேச்சே கூடாது. பெரும்பாலானோருக்கு வருடாந்த ஈசிஜி, கண் சத்திரசிகிச்சை, சர்க்கரைக் கட்டுப்பாடு, தேவைப்பட்டால் பேஸ்மேக்கர் ஆகியவற்றுக்காகச் செலவழிக்கும் காலமும் பணமும் விறைப்புக் குளிசைக்குச் செலவழிப்பதைவிடப் பலன் தரும். ஆண்டுக்கு ஒரு தடவை கிளினிக்குக்குப் பஸ் ஏறுவதென்றால் அந்தப் பயணம் இதயத்துக்காக இருக்கட்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் நோயின் பெயரையும், “சக்சமெத்தோனியம் கொடுக்கக் கூடாது” என்பதையும் வைத்தியரைக் கொண்டு ஆங்கிலத்திலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் அந்த ஊசி, மயோட்டோனியாக்காரரின் தாடையையும் மார்பையும் இறுக்கி மூச்சுக்குழாய் போடமுடியாமல் செய்துவிடும். டிஸ்ட்ரோஃபி என்றால், வலிநிவாரண, தூக்க ஊசிகளும் மூச்சை அளவுக்கு மீறி அடக்கும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தின் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும், ஒன்று பணப்பையில். நள்ளிரவில் குடல்வளரிக்காக அள்ளிக்கொண்டு ஓடும்போது கொப்பியைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது.